வடக்கன்குளத்துச் சுவர்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், காவல்கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது வடக்கன்குளம். அங்குள்ள திருக்குடும்ப ஆலயம் 1872 வாக்கில் கட்டப்பட்டது. கால்சட்டைக் கோவில் என்று அதற்கு இன்னொரு பெயரும் உண்டு. பலிபீடம் ஒன்றுதான். அங்கிருந்து இரண்டு நீண்ட மண்டபங்கள் இரு கால்களைப் போல அகன்று விரிகின்றன. ஒரு மண்டபம் வெள்ளாளருக்கு, இன்னொன்று நாடாருக்கு. ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், நடுவே சுவர். பீடத்தில் நின்று திரும்பும் சாமியாரின் கண்ணுக்கு இரண்டு கூட்டமும் படும். ஆனால் ஒரு மண்டபத்தில் முழங்காலிட்டிருப்பவருக்கு அடுத்த மண்டபத்தில் முழங்காலிட்டிருப்பவரின் முகம் தெரியாது. ஒரே பூசையை ஒரே நேரத்தில் கண்டுவிட்டு, ஒருவரையொருவர் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விடலாம்.

பழைய வழக்கம், சட்டென்று விடமுடியவில்லை என்று சாதிக்குச் சமாதானம் சொல்வார்கள். வடக்கன்குளத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. இந்தக் கோவில் புதிதாகத் திட்டமிடப்பட்டது. ஒருவர் வரைபடம் போட்டிருக்கிறார், ஒருவர் கயிறு பிடித்து அளந்திருக்கிறார், ஒருவர் செலவுக்கு ஒப்புதல் தந்திருக்கிறார். எல்லாரும் ஞாயிறுதோறும் ஒரே அப்பத்தை உண்டவர்கள். கிறிஸ்தவம் தமிழ் மண்ணில் வேர்விட்டு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு நடந்தது இது.

தமிழ்ச் சமூகத்துக்குக் கிறிஸ்தவம் என்ன செய்தது என்று கேட்டால் நம்மிடம் பதில் தயாராக இருக்கும். அச்சு, அகராதி, உரைநடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அடுக்குவோம். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ முதல் ஐடா ஸ்கடர் வேலூரில் எழுப்பிய மருத்துவமனை வரை அந்தப் பட்டியலில் பொய் ஒன்றும் இல்லை. மிஷன் பள்ளியில் படித்த நானும் அந்தக் கடனில் ஒரு பங்கைச் சுமப்பவன்தான். ஆனாலும் ஒரு மதம் ஒரு சமூகத்தை எவ்வளவு தூரம் மாற்றியது என்று அறிய வேண்டுமானால், யார் யாரோடு உட்கார்ந்தார்கள், யார் கையால் யார் வாங்கி உண்டார்கள், செத்தவரை எந்தத் தெரு வழியாகத் தூக்கிப் போனார்கள் என்று கேட்டாக வேண்டும். கல்லூரிகளின் எண்ணிக்கை அதற்குப் பதில் சொல்லாது.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலியிடமிருந்து தொடங்கலாம். காவி கட்டி, மரக்கறி மட்டும் உண்டு, சமஸ்கிருதமும் தமிழும் கற்ற இத்தாலியத் துறவி அவர். பூணூலும் குடுமியும் சந்தனமும் நாட்டு வழக்கங்கள், மதத்தைச் சேர்ந்தவை அல்ல என்று வாதாடினார். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அதை ஏற்றார். அந்த வாதத்தால் நோபிலி மேல்சாதியினரோடு உட்கார்ந்து பேச முடிந்தது. தமிழில் தர்க்கம் செய்யும் கிறிஸ்தவ உரைநடையும் பிறந்தது. ஆனால் சாதி வெறும் நாட்டு வழக்கம் என்ற அந்த ஒரு வாக்கியம் அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்கு எல்லாச் சுவருக்கும் அஸ்திவாரமானது. மேல்சாதிக்கு ஒரு வகைத் துறவி, மற்றவர்களுக்குப் பண்டாரச்சாமிகள் என்று குருமாரே இரண்டாகப் பிரிந்தார்கள். சாகக் கிடக்கும் பறையரின் குடிசைக்குள் குனிந்து நுழைந்து கடைசி அருட்சாதனம் கொடுக்கலாமா, கூடாதா என்பது ரோமாபுரி வரை போய்ப் பல பத்தாண்டுகள் இழுத்த வழக்கு. கொடுத்தே ஆகவேண்டும் என்று 1704இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் துர்னோன் ஆணையிட்டார். சேசு சபையார் தயங்கினார்கள். கடைசியில் பறையருக்கென்றே தனியாகச் சில சாமியார்களை ஒதுக்குகிறோம் என்று அவர்கள் சொன்ன யோசனையை 1744இல் பதினான்காம் பெனடிக்ட் ஒப்புக்கொண்டார்.

அதற்கு அடுத்த ஆண்டு புதுச்சேரியில் நடந்த ஒன்றை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1745 அக்டோபர். கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. அதற்கு ஒரு பக்கம் பறையர், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரர்களும் வெள்ளைக்காரர்களும். காரைக்காலிலிருந்து வந்த ஒரு சாமியார் இதைக் கண்டு பறையர்களிடம் பேசினார். அவர்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம் நியாயம் கேட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, பிறகு எதற்கு இந்தப் பேதம் என்பது அவர்கள் கேள்வியின் சாரம். பெரிய சாமியாரிடம் அதற்குப் பதில் இல்லை. சுவரை இடிக்கச் சொன்னார். மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப் போனார்கள்.

ரங்கப் பிள்ளை கிறிஸ்தவர் அல்லர், பறையர்பால் பரிவு கொண்டவரும் அல்லர். ஊரில் நடந்த ஒரு ரகளையாகத்தான் இதைக் குறித்துக்கொண்டார். அதனாலேயே இந்தச் சாட்சியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். பிரெஞ்சுப் புரட்சிக்கு இன்னும் நாற்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தன. தமிழ்நாட்டில் பொது இடம் ஒன்றில், எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் கூட்டமாக நின்று, நீங்கள் போதிக்கிறபடி நீங்களே நடக்கவில்லையே என்று அதிகாரத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு வேண்டிய சொற்களைக் கொடுத்தது கிறிஸ்தவம். கேட்கும் துணிவு அவர்களுடையது. தமிழ்க் கிறிஸ்தவத்தின் வரலாற்றை இந்த வேறுபாட்டோடுதான் எழுதவேண்டும் என்று நினைக்கிறேன். சமத்துவத்தை ரோமாபுரியோ கோப்பன்ஹேகனோ லண்டனோ கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டவர்கள், தங்களுக்குப் படித்துக் காட்டப்பட்ட வேதத்தை அப்படியே நம்பினார்கள். படித்துக் காட்டியவர்கள் அவ்வளவு தூரம் நம்பவில்லை.

தரங்கம்பாடியிலும் இதே கதைதான். 1706 ஜூலை 9ஆம் தேதி அங்கே கரையிறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்குக்கு இருபத்து மூன்று வயது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியவர். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சேற்றினார். 1719இல், முப்பத்தாறு வயதில் இறந்து, தாம் கட்டிய புதிய எருசலேம் கோவிலிலேயே அடக்கமானார். தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய நூலை அச்சிட ஜெர்மனியிலிருந்த மேலிடம் மறுத்தது. சென்னையில் அது அச்சானது 1867இல். இவ்வளவு பெரிய மனம் கொண்டவர் எழுப்பிய அந்தக் கோவிலிலும் வெள்ளாளரும் பறையரும் தள்ளித் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள்.

அந்தச் சபையில் இராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். பறையர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தஞ்சை மராட்டிய மன்னரின் படையில் வேலை பார்த்தவர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி கைக்குக் கிடைக்க, படித்துப் படித்து அதில் கரைந்து போனார். பிறகு தரங்கம்பாடிச் சபையில் சேர்ந்து உபதேசியார் ஆனார். எதிர்ப்பு, அடி உதை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு தஞ்சைச் சீமையில் ஊர் ஊராக நடந்தார். 1733இல் ஆரோன் என்ற வெள்ளாளர் அந்தச் சபையின் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றிருந்தார். 1741இல் இன்னொரு தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தபோது இராஜநாயக்கனின் பெயரும் பேச்சில் இருந்தது. அவருடைய படிப்பையோ பக்தியையோ யாரும் குறை சொல்லவில்லை. அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதியார் ஒப்பமாட்டார்கள் என்பதே தடை. தியாகு என்பவர் குருவானார். இராஜநாயக்கன் 1771இல் சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

ஆரோனின் பெயர் தெரிந்த அளவுக்கு இராஜநாயக்கனின் பெயர் நம் சபைகளில் தெரியாது. அவரைக் குருவாக்கியிருந்தால் சபை உடைந்திருக்கும் என்பார்கள். உடைந்திருக்கட்டுமே என்று எனக்குத் தோன்றுகிறது. உடையாமல் காப்பாற்றிய அந்தச் சபையில் அடுத்த நூறு ஆண்டு என்ன நடந்தது?

நடந்தது தஞ்சாவூரில் வெளியே வந்தது. சபைக்குள் சாதி வேறுபாடு இனிமேல் கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் சபைகள் பிளந்தன. எதிர்த்தவர்களின் பக்கம் நின்ற பெரிய குரல் வேதநாயக சாஸ்திரியாருடையது. தஞ்சை மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர், சரபோஜி மன்னரோடு கூடப் படித்தவர், தமிழ்ச் சபைகள் இன்றைக்கும் பாடும் கீர்த்தனைகளின் ஆசிரியர். அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் வலிக்கும். எனக்கும் வலிக்கிறது. ஆனால் அவருடைய முறையீட்டை முழுதாகப் பார்க்கவேண்டும். இளம் மிஷனரிகள் செய்த கொடுமைகள் என்று நான்கைச் சொன்னார். பழகிய தமிழ் வேதாகமத்தைத் திருத்தினார்கள், கலியாணத்திலும் சாவிலும் திருநாளிலும் பூவைத் தடுத்தார்கள், கோவிலில் தமிழ்ப் பாட்டை நிறுத்தினார்கள், சாதிகளைக் கட்டாயமாகக் கலக்கச் சொன்னார்கள்.

முதல் மூன்றிலும் நியாயம் அவர் பக்கம். நான்காவதில் அவர் செய்தது அநியாயம். இந்த நான்கும் ஒரே மூட்டையில் வந்து சேர்ந்ததுதான் அந்தக் காலத்தின் கேடு. சாதி கூடாது என்ற அதே வாய், பூவும் கீர்த்தனையும் அஞ்ஞானம் என்றது. தன் மொழிக்கும் பாட்டுக்கும் நேர்ந்த அவமதிப்போடு சேர்த்துச் சமத்துவத்தையும் அவர் தள்ளிவிட்டார். சமத்துவத்தைக் கொண்டுவருகிறவர் அந்த மண்ணை இகழ்ந்துகொண்டே கொண்டுவந்தால், எதிர்ப்பவருக்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிடுகிறது. அந்தக் காரணத்தை நம் ஊர்களில் இன்றும் கேட்கலாம்.

தெற்கே திருவிதாங்கூரில் விஷயம் வேறு விதமாகத் தொடங்கியது. மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் ஒரு சாம்பவர். தஞ்சாவூருக்குப் போன இடத்தில் கிறிஸ்தவரானவர். அவர் தேடிப் போய்க் கேட்டுக்கொண்டதால் 1806இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி வந்தார். மிஷனை அந்தச் சீமைக்குள் அழைத்து வந்தவர் ஊரின் கடைசியில் வைக்கப்பட்டிருந்த ஒரு மனிதர் என்பதை மறக்கக் கூடாது.

அப்போது நாடார் பெண்கள் மார்பை மூடக் கூடாது. கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று 1814இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ காலத்தில் ஆணை வந்தது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் அணியும் சட்டை அது. உடம்பை மூடுவதுதானே வேண்டும், இதோ ஒரு சட்டை என்பது அதிகாரிகளின் கணக்கு. மிஷனரிகளுக்கும் அது போதுமென்று பட்டது. பெண்களுக்குப் போதவில்லை. சட்டைக்கு மேலே, நாயர் பெண்கள் போடுவது போலத் தோள்சீலையையும் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தார்கள். 1822 முதல் கல்குளம், இரணியல் பக்கத்துச் சந்தைகளில் அந்தத் துணியைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். கோவில்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. 1829இல் அரசு குப்பாயத்தை மட்டும் அனுமதித்துத் தோள்சீலையை மறுத்தது. பெண்கள் விடவில்லை. 1858இலும் 1859இலும் மறுபடி கலகம். சென்னை ஆளுநர் டிரெவெலியன் நெருக்கவே, 1859 ஜூலை 26 அன்று மன்னர் அறிவிப்பு வெளியிட்டார். எப்படி வேண்டுமானாலும் மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்றது அது.

நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் நடத்திய பெண்கள் பள்ளியில் படிப்போடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார்கள். விரலில் தொழிலும் கையில் கொஞ்சம் காசும் வந்த பெண்ணுக்கு, தான் என்ன உடுத்துவது என்று தானே முடிவு செய்ய முடிந்தது. இந்தத் தொடர்பைத்தான் கிறிஸ்தவத்தின் சமூக விளைவு என்று நான் சொல்வேன். அதன் அலை சபையோடு நிற்கவும் இல்லை. கிறிஸ்தவரல்லாத நாடார் பெண்களும் தோள்சீலை அணிந்தார்கள். மிஷனை ஏற்காத அய்யா வைகுண்டர் அதே மண்ணில், அதே காலத்தில், ஆண்கள் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து வழிபடச் செய்தார். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தோள்சீலைக்காக அடிபட்ட மக்களின் சபைகளிலேயே பின்னாளில் சாம்பவர்கள் தள்ளி நிறுத்தப்பட்டார்கள். வேதமாணிக்கத்தின் சொந்தக்காரர்கள்!

வடக்கன்குளத்துக்குத் திரும்புவோம். சுவர் வேண்டாம் என்று நாடார்கள் தொடர்ந்து முறையிட்டார்கள். 1910இல் பங்குச் சாமியார் கௌசானல் சுவரை இடித்தார். வெள்ளாளர்கள் நீதிமன்றம் போனார்கள். கோவிலில் தனி இடம் எங்கள் வழிவழி உரிமை என்பது வழக்கு. எதிர்வாதி திருச்சி ஆயர் பார்த். சென்னை உயர் நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில் அவர்கள் தோற்றார்கள். கிறிஸ்தவரான பிறகு சாதியைச் சொல்லி உரிமை கேட்க முடியாது, கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது என்பது தீர்ப்பின் சாரம். 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் தம் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் இந்த ஊரின் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். தமிழ் வாசகர்கள் தேடிப் படிக்கவேண்டிய புத்தகம்.

தேவசகாயம் 1745இல் ஞானஸ்நானம் பெற்றது இதே வடக்கன்குளத்தில்தான். மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அதிகாரியான நாயர் அவர். 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியது அவர்மேல் மூண்ட கோபத்தில் ஒரு பங்கு. 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக்கப்பட்டபோது அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ எடுக்கப்பட்டிருந்தது. எடுக்கவேண்டும் என்று கேட்டவர்களும் விசுவாசிகள்தான். புதுச்சேரியில் பெரிய சாமியாரிடம் போய்க் கேட்டவர்களின் வழி அற்றுப்போகவில்லை.

கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது என்ற அதே வாக்கியம் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து வேறொருவர்மீது விழுந்தது. சூசை, சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடர், கிறிஸ்தவரானவர். செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த சிறு கடைப்பெட்டி அவருக்குக் கிடைக்கவில்லை, கிறிஸ்தவர் என்பதால். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். சூசையின் மனுவை உச்ச நீதிமன்றம் 1985இல் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் பழைய இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

வடக்கன்குளத்தில் மேல்சாதியின் சுவரைத் தகர்த்த வாதம், சூசைக்கு நிழல் தரக்கூடிய கடைப்பெட்டியைப் பறித்தது. வேதத்தில் இருப்பதை நடப்பில் இருப்பதாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். நடப்பு என்ன என்று சொல்லவேண்டிய சபையோ நெடுங்காலம் வாய்திறக்கவில்லை. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அங்கே கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்தது ஒரு சுவர். தீண்டாமை திருச்சபைக்குள் இருக்கிறது என்று கத்தோலிக்க ஆயர் பேரவை எழுத்தில் ஒப்புக்கொண்டு கொள்கை அறிக்கை வெளியிட்டது 2016 டிசம்பரில்தான். 1985இல் நீதிபதிகள் கேட்ட ஆதாரம் முப்பத்தொரு ஆண்டுகள் தாமதமாக வந்தது.

தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி தரவேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இந்தக் கோரிக்கையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆயர்களும் பேராயர்களும் ஆண்டுதோறும் இதற்காகக் கறுப்புக் கொடி பிடிப்பதையும் மதிக்கிறேன்.

அவர்களிடம் ஒரு கோரிக்கை மட்டும் உண்டு. கல்லறைத் தோட்டங்கள் உங்கள் பெயரில்தான் இருக்கின்றன. தேர்ப்பவனி எந்தத் தெரு வழியாகப் போகும், எந்தத் தெருவில் நுழையாமல் திரும்பும் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் பங்குப் பேரவை. இராஜநாயக்கனின் மக்களை எத்தனை மேற்றிராசனங்களில் ஆயராக்குவது என்பதும் திருச்சபையின் கையில் இருக்கிறது. டெல்லி தீர்ப்புச் சொல்லும்வரை இதற்கெல்லாம் காத்திருக்கவேண்டாம். சாதிக்கொரு பகுதியாகப் பிரிந்து கிடக்கும் ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்திலும் நடுச்சுவரை இந்த ஆண்டு சகல ஆத்துமாக்கள் திருநாளுக்குள், நவம்பர் 2க்கு முன்னால், இடித்துவிடுங்கள்.